ரோட்டோரமா பேசி முடிக்கறதா, சொக்சோவா, லாயரா? ஆக்சிடென்ட் ஆனவங்களுக்கு

மலேசியாவுல, பேராக்ல ஊத்தான் மெலிந்தாங் பக்கம் இருக்கறவங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல, விடியறதுக்கு முன்னாடி பெரட்டுக்கு (காலையில வேலைக்கு பேர் குடுக்க) போற மோட்டார் பைக்குங்க தோட்டத்துச் சிம்பாங்ல (சந்தியில) இருந்து அஞ்சாம் நம்பர் ரோட்டுல ஏறும், அதே நேரத்துல சபாக் பெர்ணம் பக்கமிருந்து லோரியும் காடியும் (காரும்) பறந்து வரும். யாராவது அடிபட்டா தெலுக் இந்தான் ஆஸ்பத்திரில கட்டிலச் சுத்தி நின்னுகிட்டு ஆளுக்கு ஒரு யோசனை சொல்லுவாங்க, மாமா ஒருத்தர் பேசி முடிச்சிரு, கோர்ட்டு வாசல் நமக்கெதுக்குன்னுவாரு, கூட வேலை செய்யறவன் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) காசு எடுன்னுவான், எங்கிருந்தோ வந்த ஒருத்தன் லாயர் கார்டை தலகாணி கீழ சொருகிட்டு போவான்.

இதுல எது நல்லதுன்னு எங்கிட்ட நிறைய பேர் கேட்டிருக்காங்க, நான் தோட்ட ஆபீஸ்ல கிராணியா (கிளார்க்கா) இருந்து சொக்சோ பாரம் நிரப்பியே கை தேஞ்சவன். என் பதில் இதுதான்: சொக்சோ, லாயர் கேஸ், சொந்த பி.ஏ. (பெர்சனல் ஆக்சிடென்ட்) இன்சூரன்ஸ் மூணும் ஒண்ணை ஒண்ணு தடுக்காது, மூணையும் சேத்தே எடுக்கலாம். ரோட்டோரமா கையெழுத்து போட்டு காசு வாங்கறது மட்டும்தான் அடுத்தவன்கிட்ட கேக்கற வழிய அடைச்சிரும். அதனால எதை எடுக்கறதுங்கறத விட எதை முதல்ல செய்யறது, எதை அவசரப்பட்டு செய்யக்கூடாதுங்கறதுதான் கேள்வி.

எந்த வழின்னாலும் முதல்ல போலீஸ் ரிப்போர்ட். 1987 ரோடு டிரான்ஸ்போர்ட் சட்டத்துல 52வது பிரிவு 24 மணி நேரத்துக்குள்ளன்னு சொல்லுது, ஆஸ்பத்திரில படுத்திருந்தா குணமானதும் உடனே போட்டுரணும், லேட் ஏன்னு ரிப்போர்ட்லயே சொல்லிரணும். எதிராளி கெஞ்சுவான், ரிப்போர்ட் போடாத லா, சம்மன் வந்துரும், நான் பாத்துக்கறேன்னு. சம்மன்ல வர்ற போலீஸ் அபராதம் அவன் பிரச்சனை. ரிப்போர்ட் இல்லன்னா இங்க கீழ சொல்லப்போற எதுவும் ஓடாது.

சரி, ரோட்டோரமா பேசி முடிக்கறது. இதை முழுசா கெட்டதுன்னு சொல்ல மாட்டேன். காடிக்கு மட்டும் சின்ன சொட்டை, யாருக்கும் கீறல் கூட இல்ல, எதிர்ல இருக்கறவன் நானூறு ஐநூறு வெள்ளி (ரிங்கிட்) கையில குடுக்கறான், பெயிண்ட் கடைக்காரன் கேக்கறதும் அவ்ளோதான்னா வாங்கிட்டு போங்க. ஆனா உடம்புல பட்டிருந்தா வேற கதை. எங்க பக்கம் செம்பனை குலை வெட்டற ஒரு அண்ணனை, சிம்பாங்ல திரும்புன காடி ஒண்ணு தட்டிருச்சு, எழுந்து நின்னாரு, முட்டியில லேசா வீக்கம் அவ்வளவுதான். காடிக்காரர் நல்ல மனுசன்தான், எண்ணூறு வெள்ளி குடுத்து, இனிமே எந்தக் கிளேய்மும் இல்லன்னு மலாய்ல நாலு வரி எழுதி கையெழுத்து வாங்கிகிட்டாரு. மூணாவது வாரம் முட்டி மடங்கல, உள்ள தசைநார் கிழிஞ்சிருக்குன்னு டாக்டர் சொல்றாரு. குலை வெட்டறவருக்கு முட்டி போனா என்ன மிச்சம்? தூக்கிப் பாக்கவும் முடியாது, குலை சுமக்கவும் முடியாது. அந்தக் கடுதாசி கோர்ட்ல எவ்ளோ நிக்கும்ங்கறது வேற விஷயம், ஆனா எதிராளியோட இன்சூரன்ஸ் லாயர் முதல்ல அதைத்தான் தூக்கி மேசையில வெப்பாரு. எலும்பு, தலை, கழுத்து, முட்டி, இந்த நாலுல எதுல அடின்னாலும் ரோட்டுல காசு வாங்கவே கூடாதுங்கறது என் கருத்து. அவரு மனிதாபிமானத்துல ஆஸ்பத்திரி செலவுக்கு ஏதோ குடுத்தா வாங்கிக்கோங்க, கையெழுத்து மட்டும் வேண்டாம்.

இதோட ஒட்டி காடி ரிப்பேர் விஷயத்தையும் சுருக்கமா சொல்லிடறேன். தப்பு எதிராளி மேல, ரெண்டு காடிக்கும் கம்ப்ரிஹென்சிவ் (முழு) இன்சூரன்ஸ் இருக்குன்னா, நம்ம சொந்த இன்சூரன்ஸ்லயே நாக் ஃபார் நாக் கிளேய்ம் போடலாம், நம்ம என்.சி.டி. (கிளேய்ம் போடாததுக்கு பிரீமியத்துல குடுக்கற கழிவு) போகாது. அந்த என்.சி.டி. முதல் வருஷம் 25 சதவீதத்துல ஆரம்பிச்சு அஞ்சாவது வருஷம் 55 வரைக்கும் ஏறறது, அதை சும்மா இழக்கறது பெரிய நஷ்டம். நம்மகிட்ட தேர்ட் பார்ட்டி மட்டும்தான்னா எதிராளியோட இன்சூரன்ஸ்கிட்ட நேரா கேக்கணும், லேட் ஆகும். தப்பு நம்ம மேலன்னா, ரிப்பேர் செலவையும் போகப்போற என்.சி.டி.யையும் கூட்டிக் கழிச்சு பாத்துட்டு, சின்னதுன்னா கைக்காசுல செஞ்சிருங்க. காடி விஷயம் இவ்ளோதான், உடம்பு விஷயத்துக்கு வருவோம்.

சொக்சோவோட பெரிய பலம், யாரு மேல தப்புன்னு அது பாக்கறதில்ல. வேலைக்கு போற வழியில நீங்களே பள்ளத்துல விட்டு விழுந்தாலும் கிளேய்ம் உண்டு. 1969 சட்டத்துல 24வது பிரிவு, வீட்டுல இருந்து வேலைக்கும் வேலையில இருந்து வீட்டுக்கும் போற வழி, வேலை விஷயமா போற பயணம், சாப்பாட்டு நேரத்துல சாப்பிட போற வழி, இதெல்லாம் வேலை விபத்துதான்னு சொல்லுது. ஆனா வழி மாறக்கூடாது. பாரத்தோட ஒரு மேப் வெக்கணும், வீட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவுல கோடு, அடிபட்ட இடத்துல ஒரு குறி. குறி கோட்டு மேல இருந்தா பிரச்சனை இல்ல, கொஞ்சம் தள்ளி பாசார் (சந்தை) பக்கம் இருந்துச்சுன்னா அங்க எதுக்கு போனீங்கன்னு ஆபீசர் கேப்பாரு, மீன் வாங்கன்னு சொன்னா கிளேய்ம் தள்ளுபடி ஆகவும் வாய்ப்பிருக்கு. பொய் சொல்லச் சொல்லல, போலீஸ் ரிப்போர்ட்ல ஒரு இடம், சொக்சோ பாரத்துல ஒரு இடம்னு ரெண்டு விதமா எழுதி மாட்டிக்காதீங்கன்னு சொல்றேன், அப்படி எழுதினதாலயே நல்ல கிளேய்முங்க இழுத்தடிக்கறத பாத்திருக்கேன்.

முதலாளி 48 மணி நேரத்துக்குள்ள சொக்சோவுக்கு தெரிவிக்கணும். அதனால அடிபட்ட அன்னைக்கே மண்டோருக்கோ (மேஸ்திரிக்கோ) கிராணிக்கோ போன் போட்டுருங்க, நீங்க முடியலன்னா வீட்டுல ஒருத்தர். அந்த நாள் செக்ரோல்ல (வருகைப் பதிவுல) உங்க பேரு, டாக்டர் குடுக்கற எம்.சி. (மெடிக்கல் லீவு சர்ட்டிபிகேட்), போலீஸ் ரிப்போர்ட், இதுங்கதான் முக்கியம். எம்.சி. அடிபட்ட நாளையும் சேத்து குறைஞ்சது நாலு நாள் இருந்தாத்தான் தற்காலிக பலன் கிடைக்கும், அது சராசரி தினச் சம்பளத்துல 80 சதவீதம், ஒரு நாளைக்கு 30 வெள்ளிக்குக் குறையாது. மாசம் 2,000 வெள்ளி சம்பளக்காரருக்கு ஒரு நாளைக்கு சுமாரா 53 வெள்ளி வரும். கால் உடைஞ்சு ஆறு மாசம் படுத்திருக்கற வீட்டுல அந்தக் காசுதான் அரிசி. எம்.சி. நடுவுல ஒரு நாள் கூட இடைவெளி விடாம தொடர்ச்சியா வாங்கி வெச்சுக்கோங்க, கிளினிக் ஒரு வாரம் ஆஸ்பத்திரி ஒரு வாரம்னு மாத்தி மாத்தி போறவங்க இதுலதான் கோட்டை விடறாங்க.

நிரந்தரமா குறை நின்னுச்சுன்னா மெடிக்கல் போர்டு பாத்து எத்தனை சதவீதம்னு முடிவு பண்ணுவாங்க. 20 சதவீதம் வரைக்கும்னா மொத்தமா ஒரே தடவையில எடுத்துக்கலாம், அதுக்கு மேலன்னா அஞ்சுல ஒரு பங்கு மொத்தமாவும் மிச்சம் மாசா மாசம் பென்ஷனாவும். ஆளு இறந்துட்டா சம்பளத்துல 90 சதவீதம் வரைக்கும் குடும்பத்துக்கு பென்ஷன், மனைவிக்கு அஞ்சுல மூணு பங்கு, பிள்ளைங்களுக்கு ரெண்டு பங்கு. மலாக்காவுல சொக்சோ நடத்தற மறுவாழ்வு மையம் ஒண்ணு இருக்கு, கை கால் பயிற்சி குடுத்து திரும்ப வேலைக்கு அனுப்பறாங்க, நம்ம ஆளுங்க தூரம்னு சொல்லிட்டு போக மாட்டேங்கறாங்க, போங்க.

கான்ட்ராக்டர் கீழ வேலை செய்யறவங்க, எனக்குத்தான் சொக்சோ கட்டலயேன்னு வாயை மூடிட்டு உக்காந்துடறாங்க. கட்டாதது முதலாளியோட குத்தம், நேரா சொக்சோ ஆபீசுக்கு போய் நான் இன்னார்கிட்ட வேலை செஞ்சேன்னு சொல்லுங்க, சம்பளம் வாங்கின அத்தாட்சி எதுவா இருந்தாலும் எடுத்துட்டு போங்க, வாட்ஸ்அப் மெசேஜ் உள்பட. சொந்தமா ரெண்டு ஏக்கர் செம்பனை வெச்சிருக்கறவங்க, வேன் ஓட்டறவங்களுக்கு 2017 சட்டப்படி சுயதொழில் சொக்சோ தனியா இருக்கு, ஆனா அது முன்கூட்டியே கட்டியிருந்தாத்தான்.

சொக்சோவோட குறை என்னன்னா, வலிக்கும் வேதனைக்கும் அது காசு குடுக்காது. கால் உடைஞ்சதுக்கு, முகத்துல தழும்பு நின்னதுக்கு, ராத்திரி தூக்கம் இல்லாததுக்கு, மோட்டார் நொறுங்கினதுக்கு எதுவும் இல்ல. ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு போகும்போது அடிபட்டா இந்த வேலை விபத்து பலனும் இல்ல. அங்கதான் லாயர்.

லாயர் கேஸ்னா பாதி பேரு, பாவம் அந்த காடிக்காரர் எங்க போய் காசு குடுப்பாருன்னு யோசிக்கறாங்க. கேஸ் அவர் பேர்ல போடறதுதான், குடுக்கறது அவரோட இன்சூரன்ஸ். ரோட்டுல ஓடற எந்த வண்டிக்கும் அடுத்தவங்க உயிருக்கும் உடம்புக்கும் இன்சூரன்ஸ் இருக்கணும்னு 1987 சட்டம் கட்டாயப்படுத்துது, அதுக்கு உச்சவரம்பும் கிடையாது. வருஷா வருஷம் அவரு பணம் கட்டறதே இதுக்குத்தான், பாவ புண்ணியம் பாக்க ஒண்ணும் இல்ல.

இதுல மூணு வகை காசு. ஒண்ணு அடிக்கும் வலிக்கும், கோர்ட்டுங்க பழைய தீர்ப்புங்கள வெச்சு தொகுத்த ஒரு பட்டியல் 2018ல புதுசு பண்ணியிருக்காங்க, எந்த எலும்புக்கு எவ்ளோல இருந்து எவ்ளோ வரைக்கும்னு அதை வெச்சுத்தான் ரெண்டு பக்க லாயரும் பேரம் பேசுவாங்க. ரெண்டாவது கைக்காசு செலவு, அரசாங்க ஆஸ்பத்திரில வார்டு பில் கம்மிதான் ஆனா காலுக்குள்ள வெக்கற பிளேட், ஸ்குரூ நம்ம காசுல வாங்கச் சொல்லுவாங்க, அது ஆயிரக்கணக்குல போகும், அந்த ரசீதை தொலைச்சுடாதீங்க, ஆஸ்பத்திரிக்கு போய் வந்த டாக்சி, வேன் காசு கூட எழுதி வைங்க. மூணாவது சம்பள இழப்பு, இதுதான் பெரிசு.

சம்பள இழப்புக்கு சட்டத்துலயே கணக்கு இருக்கு. 1956 சிவில் லா ஆக்ட் 28ஏ பிரிவு, அதை திருத்தி 2019 செப்டம்பர் 1ல இருந்து வயசு வரம்ப 55ல இருந்து 60 ஆக்கிட்டாங்க. 30 வயசும் அதுக்கு கீழயும்னா 16 வருஷம். அதுக்கு மேலன்னா 60ல இருந்து வயச கழிச்சு ரெண்டால வகுக்கணும். 40 வயசுன்னா 10 வருஷம். 2,000 வெள்ளி சம்பளத்துல அவரோட சொந்த செலவு 500னு கழிச்சா மிச்சம் 1,500, அதை 12ஆலயும் 10ஆலயும் பெருக்கினா 1,80,000 வெள்ளி. வேலையே செய்ய முடியாத நிலைமைக்கு இந்தக் கணக்கு, கொஞ்சம் குறைஞ்ச வேலை செய்ய முடியும்னா அந்த வித்தியாசத்துக்கு மட்டும். இதை எண்ணூறு வெள்ளியோட வெச்சுப் பாருங்க.

ஆனா இதுக்கு சம்பளம் வாங்கினதுக்கு அத்தாட்சி வேணும். தோட்டத்து பே ஸ்லிப் இருக்கு சரி, சாயங்காலம் அடுத்தவங்க நிலத்துல புல்லு வெட்டி சம்பாதிச்ச காசுக்கு என்ன சாட்சி? ஒண்ணும் இல்லன்னா கோர்ட் நம்பாது. அடிபடறதுக்கு முன்னாடி சம்பாத்தியமே இல்லாத வீட்டம்மாவுக்கும் இந்த வகை காசு கிடைக்காது, எனக்கு இது நியாயமா படல, வீட்டு வேலைக்கு சம்பளம் இல்லங்கறதால அது வேலை இல்லன்னு ஆயிடுமா, ஆனா சட்டம் அப்படித்தான் இருக்கு. வலிக்கும் செலவுக்கும் அவங்களும் கேக்கலாம்.

சொக்சோ வாங்கிட்டா கேஸ் காசுல வெட்டிருவாங்களோன்னு பயப்படறவங்க உண்டு. அதே 28ஏ பிரிவு, சட்டப்படி வர்ற இந்த மாதிரி பலனையும் சொந்த இன்சூரன்ஸ் காசையும் கணக்குல எடுக்கக்கூடாதுன்னு சொல்லுது. ஒரே ஒரு இடம் மாட்டும்: உங்கள இடிச்சது உங்க தோட்டத்து லோரியோ டிராக்டரோன்னா, சொக்சோ சட்டத்து 31வது பிரிவு சொந்த முதலாளி மேலயும் அவர்கிட்ட வேலை செய்யறவங்க மேலயும் கேஸ் போட விடாது, அப்ப சொக்சோதான் வழி. வெளி காடின்னா ரெண்டும்.

லாயர் வழியோட குறைங்களையும் சொல்லணும் இல்லையா. முதல்ல நேரம், ஒரு வருஷம் ரெண்டு வருஷம் சாதாரணமா போகும். ரெண்டாவது, தப்பு யாரு மேலன்னு நிரூபிக்கணும், போலீஸ் வரையற ரோட்டு படமும் அதோட குறிப்பும், ரெண்டு வண்டியும் எங்க அடிபட்டிருக்குங்கற போட்டோவும் பேசும். எதிராளிக்கு சம்மன் குடுத்துட்டாங்க, கேஸ் ஜெயிச்சாச்சுன்னு நினைக்காதீங்க, கோர்ட் தனியா பாக்கும். உங்க மோட்டாருக்கு முன் லைட் இல்ல, ஹெல்மெட் பக்கிள் போடல, சிம்பாங்ல நிக்காம ஏறிட்டீங்கன்னா 20, 30 சதவீதம் உங்க தப்புன்னு வெட்டுவாங்க. லைசன்ஸ் இல்லாதவங்க கேஸே போட முடியாதுன்னு ஒரு பேச்சு இருக்கு, அப்படி இல்ல, யாரோட கவனக்குறைவால விபத்துங்கறதுதான் கேள்வி, லைசன்ஸ் இல்லாததுக்கு வேற தண்டனை.

கோர்ட் வரைக்கும் போறதா, இன்சூரன்ஸ் குடுக்கறத வாங்கி முடிக்கறதா? என் அபிப்பிராயம், எலும்பு கூடி, டாக்டர் இனிமே மாறாதுன்னு சொன்னப்புறம் வர்ற ஆஃபர், பட்டியல் கணக்குக்கு பக்கத்துல இருந்துச்சுன்னா, அதுவும் தப்பு யாரு மேலங்கறதுல கொஞ்சம் இழுபறி இருந்துச்சுன்னா, வாங்கிக்கலாம். தலையில அடி, கை கால் எடுத்தது, 25 வயசுப் பையன் படுத்த படுக்கை, இதெல்லாம் செஷன்ஸ் கோர்ட் வரைக்கும் நிக்க வேண்டிய கேஸ். காயம் ஆறறதுக்குள்ள வர்ற ஆஃபர் எவ்ளோ பெரிசா தெரிஞ்சாலும் கையெழுத்து போடாதீங்க. 18 வயசுக்கு கீழ பிள்ளைன்னா அப்பா அம்மா கையெழுத்து மட்டும் செல்லாது, கோர்ட் ஒப்புக்கணும்.

கெடு மறந்துறாதீங்க. தீபகற்பத்துல காயத்துக்கு ஆறு வருஷம், ஆளு இறந்து குடும்பம் கேக்கறதுக்கு மூணு வருஷம், இடிச்சது அரசாங்க வண்டின்னாலும் மூணு வருஷம்தான். சாவு கேஸ்ல துக்கத்துக்குன்னு குடுக்கறது முன்ன 10,000 வெள்ளி, 2019க்கு அப்புறம் 30,000.

இப்ப அந்த தலகாணி கார்டு ஆளுங்க. வார்டுக்கே வந்து, நாங்க எல்லாம் பாத்துக்கறோம், இந்தாங்க முன்பணம்னு ஆயிரம் வெள்ளி நீட்டறவன் லாயர் இல்ல, புரோக்கர். லாயருங்க ஆள் வெச்சு கேஸ் பிடிக்கறது அவங்க தொழில் விதிப்படியே தப்பு, ஜெயிச்சா இத்தனை சதவீதம்னு பேசறதும் 1976 லீகல் ப்ரொஃபெஷன் ஆக்ட்ல 112வது பிரிவுப்படி கூடாது. ஆனா நடக்கறது நடந்துகிட்டுதான் இருக்கு, அந்த முன்பணம் கடைசில வட்டியும் முதலுமா உங்க காசுலதான் கழியும். நீங்களே தெலுக் இந்தான்லயோ ஈப்போவுலயோ ஒரு லாயர் ஆபீசுக்கு நேரா போய், லாயரை கண்ணால பாத்து, ஃபீஸ் எவ்ளோ, டாக்டர் ரிப்போர்ட் செலவு யாரு போடறது, ஜெயிச்சா செக் யாரு பேர்ல வரும்னு எழுத்துல கேளுங்க. கேட்டா முகம் சுளிக்கறவர்கிட்ட கேஸ் குடுக்காதீங்க.

சொந்த பி.ஏ. இன்சூரன்ஸ் பத்தி அதிகம் சொல்ல ஒண்ணுமில்ல. இருந்தா எடுங்க, யாரு தப்புன்னாலும் குடுக்கும், பாலிசில போட்ட தொகைக்கு மேல வராது. சின்னத் தொகைதான், ஆனா சீக்கிரம் வரும்.

இடிச்சவன் ஓடிட்டான், இல்ல அவன் இன்சூரன்ஸ் செத்துப்போன வண்டின்னா கை விட்டுறாதீங்க. இன்சூரன்ஸ் கம்பெனிங்க சேந்து நடத்தற மோட்டார் இன்சூரர்ஸ் பியூரோன்னு ஒண்ணு இருக்கு, 1968ல இருந்தே அரசாங்கத்தோட ஒப்பந்தம் போட்டு நடத்தறாங்க. இன்சூரன்ஸ் இல்லாத வண்டின்னா அங்க கேக்கலாம், யாருன்னே தெரியாத வண்டின்னா அவங்க பாத்து குடுக்கறதுதான், கட்டாயம் இல்ல. அதனால நம்பர் தெரியலன்னாலும் ரிப்போர்ட்ல வண்டி நிறம், எந்தப் பக்கம் போச்சு, சிம்பாங் கடையில கேமரா இருக்கான்னு எல்லாத்தையும் சொல்லுங்க.

கடைசியா இன்னொரு ஆளு, காடில கூட உக்காந்து வந்தவரு. எதிர் காடி மேல தப்புன்னா அந்த இன்சூரன்ஸ்கிட்ட அவரு தாராளமா கேக்கலாம். ஆனா ஓட்டினது அவரோட மச்சான், தப்பும் மச்சான் மேலன்னா, சாதாரண சொந்த காடி பாலிசி கூட வந்தவங்களுக்கு குடுக்காது, எல்.எல்.பி. (லீகல் லயபிலிட்டி டு பாசெஞ்சர்ஸ்) அப்படின்னு தனியா ஒரு கவர் சேத்திருக்கணும். கம்ப்ரிஹென்சிவ் எடுத்துட்டேன், குடும்பத்துக்கே கவர் இருக்குன்னு நினைச்சுகிட்டு, வேன் நிறைய ஆள ஏத்திட்டு பத்துமலைக்கு தைப்பூசத்துக்கு கிளம்பறவங்க எத்தனையோ பேரு. ரோட் டேக்ஸ் எடுக்கும்போது ஏஜென்கிட்ட கேட்டா சின்னக் காசுக்கு சேத்துக் குடுப்பாரு, பாலிசி பேப்பர்ல அந்த வரி இருக்கான்னு நீங்களே ஒரு தடவை பாத்துக்கோங்க.